ரோஜர் அக்ராய்ட் கொலை: வாசகரை ஏமாற்றிய நாவலா?

ஈரோட்டு வக்கீல்
முடிவைச் சொல்லித்தான் பேசப்போகிறேன். அகதா கிறிஸ்டியின் இந்த நாவலை இன்னும் படிக்காதவர்கள் தயவுசெய்து இந்த இழைக்குள் வராதீர்கள்.

1926இல் வந்த கதை. கிங்ஸ் ஆபட் என்ற கிராமத்துப் பணக்காரர் அக்ராய்ட் தன் அறையில் குத்திக் கொல்லப்படுகிறார். நமக்குக் கதை சொல்பவர் உள்ளூர் டாக்டர் ஷெப்பர்ட். ஓய்வுபெற்று அந்த ஊரில் தோட்டம் போட்டுக்கொண்டிருக்கும் துப்பறிவாளர் புவாரோவுக்கு இவர்தான் கூடவே நிற்கும் துணை. கடைசியில் பார்த்தால் கொன்றவரே இந்த டாக்டர்தான்.

இது மோசடி என்பது என் கட்சி. டாக்டர் அந்த அறையை விட்டு வருகிற பக்கத்தைத் திரும்பப் படியுங்கள். 8.40க்குக் கடிதம் வந்தது, 8.50க்கு நான் கிளம்பினேன் என்கிறார். கொலை அந்தப் பத்து நிமிடத்துக்குள் நடந்துவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கூண்டில் ஏறும் சாட்சியிடம் 'உண்மை, முழு உண்மை' என்று சேர்த்துச் சத்தியம் வாங்குவது இதற்காகத்தான். பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினால் அதுவும் பொய்ச்சாட்சிதான்.

1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் எழுதினார். முதல் விதியே, யாருடைய எண்ணங்களை வாசகர் கூடவே பின்தொடர்கிறாரோ அவர் குற்றவாளியாக இருக்கக்கூடாது என்பதுதான்.

பொள்ளாச்சி டீச்சர்
வக்கீல் சார், விதி வந்தது நாவலுக்கு மூன்று வருடம் கழித்து. பின்னால் வந்த சட்டத்தை வைத்து முன்னால் நடந்ததைத் தண்டிக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும். 1930இல் லண்டனில் துப்பறியும் எழுத்தாளர்கள் சங்கம் தொடங்கியபோது நாக்ஸும் உறுப்பினர், கிறிஸ்டியும் உறுப்பினர். பிற்காலத்தில் அதற்குத் தலைவராகவே கிறிஸ்டி இருந்தார். மோசடிக்காரர் என்று யாரும் அவரை வெளியே நிறுத்தவில்லை.

அதை விடுங்கள், தடயங்களுக்கு வருவோம். அக்ராய்ட் வீட்டை விட்டு டாக்டர் கிளம்புவது 8.50க்கு. வேலைக்காரர் பார்க்கரும் அதையே சொல்கிறார். வெளிவாசல் கேட்டைத் தாண்டும்போது சர்ச் மணி ஒன்பது அடிக்கிறது. ஐந்து நிமிட நடைக்குப் பத்து நிமிடம் எதற்கு, அதுவும் குளிர் இரவில்? இந்த இரண்டு நேரத்தையும் எழுதி வைத்தவர் அதே டாக்டர். கையில் பை இருந்ததை எழுதுகிறார். இயந்திரங்களைக் கழற்றி மாட்டுவதில் தனக்கு இருக்கும் ஆசையையும் எழுதுகிறார். மறைத்துவிட்டார் என்று எப்படிச் சொல்வீர்கள்? நாம் அவர் கையைப் பார்க்கவில்லை, குரலையே கேட்டுக்கொண்டிருந்தோம்.

சிறுவாணி வாசகன்
நான் டீச்சர் பக்கம், ஆனால் வேறு காரணத்துக்காக. ராஜேஷ்குமார் ஊரில் பிறந்த எங்களுக்கு க்ரைம் நாவல் என்றால் கடைசிப் பக்கத் திருப்பம்தான் என்ற பழக்கம் சின்ன வயதிலேயே வந்துவிடுகிறது. அதனால் இந்த நாவலையும் எல்லோரும் அந்த ஒரு திருப்பத்துக்குள் அடைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் பெரிய விஷயம் டாக்டரின் அக்கா கரோலின். வீட்டை விட்டு நகராமல் ஊர்ச் செய்தி முழுவதும் தெரிந்து வைத்திருப்பவர். நம் ஊரில் காலையில் பால் சொசைட்டிக்கு வந்து நின்றாலே யார் வீட்டில் என்ன சண்டை என்று சொல்லிவிடும் அக்காமார் மாதிரி. அப்படிப்பட்டவருக்குத் தன் கூடவே சோறு சாப்பிடுகிற தம்பி ஒரு பெண்ணை மிரட்டிப் பணம் பறித்தது தெரியவில்லை. ஊரையே துருவுகிற கண் வீட்டுக்குள் வேலை செய்யவில்லை. தம்பி கடைசியில் பயப்படுவதும் தூக்குக் கயிற்றுக்கு இல்லை, அக்காவுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான். படித்து முடித்த பிறகு என்னைத் தூங்க விடாமல் செய்தது அந்த இடம்தான்.

மூலனூர் விவசாயி
ஏனுங்க, நான் வக்கீல் பக்கமுங்க. தடயம் இருந்தது என்று டீச்சர் சொல்வது சரி. ஆனால் யாருக்குத் தெரியும்படி இருந்தது? எங்கள் பக்கம் கண்வலிக்கிழங்கு வெள்ளாமை. மருந்துக்காக விதை எடுக்கிறோம், வெளிநாடு வரை போகிறது. அது விஷம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஒரு கதையில் அந்தக் கொடி வேலியோரம் பூத்திருந்தது என்று எழுதினால் நான் உடனே நிமிர்ந்து உட்காருவேன். சென்னை வாசகர் அழகான பூ, மாநில மலர் என்று தாண்டிப் போவார். விஷயம் தெரியாதவருக்கும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

கிறிஸ்டி முதல் உலகப் போரில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை செய்தவர். விஷத்தை வைத்து எழுதினால் துல்லியமாக இருக்கும். இங்கே விஷத்தை விட்டுவிட்டு, குரலைப் பதிந்து திருப்பிச் சொல்லும் டிக்டாஃபோன் இயந்திரத்தைப் பிடித்தார். அக்ராய்ட் செத்த பிறகு ஒன்பதரை மணிக்கு, டாக்டர் வைத்துவிட்டுப் போன அது அவர் குரலில் பேசுகிறதாம், கதவுக்கு வெளியே இருந்தவர் உயிரோடு பேசுகிறார் என்று நம்புகிறாராம். மெழுகு உருளையில் பதிந்த அந்தக் காலத்துக் கரகரப்பு மனிதக் குரலாகக் கேட்குமா? எனக்கு ஒப்பவில்லை.

பொள்ளாச்சி டீச்சர்
அண்ணா, உங்கள் கேள்விக்கு நாவலிலேயே பதில் இருக்கிறது. மூடிய கதவு வழியாகத்தான் கேட்கிறார்கள். கேட்ட வாக்கியம் என்ன? சமீப காலமாகச் செலவுகள் அடிக்கடி வருவதால் தங்கள் வேண்டுகோளை ஏற்க இயலாது என்பது போன்ற பேச்சு. எதிரில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் யாராவது அப்படிப் பேசுவார்களா? அது கடிதத்துக்கான வாசகம். புவாரோ பிடிப்பதும் அதைத்தான். டிக்டாஃபோன் கம்பெனி ஆள் அக்ராய்டைப் பார்க்க வந்து போனதும் முன்கூட்டியே பேச்சில் வருகிறது. இயந்திரம் என்னவென்று தெரியாதவர் கூட அந்த வாக்கியம் உறுத்துகிறது என்பதைக் கண்டுபிடித்திருக்கலாம். வகுப்பில் இந்தப் பகுதியை நிறுத்தி நிறுத்தி வாசித்தால், பிள்ளைகள் 'லெட்டர் மாதிரி இருக்கே மிஸ்' என்று சொல்லிவிடுவார்கள் என்றே நம்புகிறேன்.

2013இல் பிரிட்டனின் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கம் வாக்கெடுத்தபோது, இதுவரை வந்ததில் சிறந்த குற்ற நாவல் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் அவர்கள்.

ஈரோட்டு வக்கீல்
ஓட்டு எண்ணிக்கை தீர்ப்பு ஆகாது, டீச்சர். சர்ச் மணியும் கடித வாசகமும் நல்ல தடயங்கள், மறுக்கவில்லை. நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பத்து நிமிடத்தை மட்டும்.

சிறுவாணி வாசகன்
அந்த இடத்தைக் கடைசி அத்தியாயத்தில் டாக்டரே எடுத்துக் காட்டுகிறாரே சார். நான் எழுதிய ஒவ்வொரு வரியும் உண்மை, நடுவில் நட்சத்திரக் குறிகள் போட்டிருந்தால் என்ன நடந்தது என்று யோசித்திருப்பார்களோ என்கிற மாதிரி பெருமைப்படுகிறார். எழுதுகிறவனின் கர்வமும் கொலைகாரனின் கர்வமும் ஒன்றாகிற இடம் அது. முழு உண்மை சொல்லியிருந்தால் இந்த மனிதரை நாம் பார்த்திருக்கவே முடியாது.

இன்னொன்று. 1998இல் பியர் பயார் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் இந்த நாவலைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி, கொன்றவர் டாக்டரே இல்லை, அக்காவைக் காப்பாற்றப் பழியை ஏற்கிறார் என்று வாதாடினார். மறைத்து எழுதியவரின் ஒப்புதலை மட்டும் எப்படி அப்படியே நம்புவது என்பது அவர் கேள்வி.

ஈரோட்டு வக்கீல்
இது நல்ல கேள்வி தம்பி. வழக்காகவே பார்த்தால், புவாரோ இந்தக் கொலையைக் கோர்ட்டுக்குப் போக விடவில்லை. டாக்டருக்கு ஒரு இரவு அவகாசம் கொடுத்து, தானே முடித்துக்கொள்ளும் வழியையும் காட்டிவிடுகிறார். பார்க்கரை யாரும் குறுக்கு விசாரணை செய்யவில்லை. கரோலினை ஒருவரும் கூண்டில் ஏற்றவில்லை. அந்த இரண்டு சாட்சிகளும் கிடைத்தால் பயார் பக்கம் நின்று வாதாட நான் தயார். டீச்சர், அரசுத் தரப்பு நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சி டீச்சர்
எடுத்துக்கொண்டேன். முதல் சாட்சி சர்ச் மணி.