புதுப்பிப்பு: மரச்செக்குத் தொழிலை எந்தத் திசையில் வளர்ப்பது?

காங்கேயம் அருகே மரச்செக்கு நடத்தும் நான், கடலை, எள், தேங்காய் எண்ணெய்களோடு சோப்பு, தேன், மாவு வகைகள் என எல்லாவற்றையும் விற்றும் கையில் பணம் நிற்கவில்லை என்று இங்கே கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி.

இரண்டாவது கடை திறக்கும் யோசனைக்கு என்னிடம் முதல் இல்லை. இணைய விற்பனையில் புட்டி உடைந்த நட்டமே மிஞ்சியது. பலன் தந்தது, "ஒவ்வொரு பொருளும் செக்கு ஓடும் ஒரு மணி நேரத்துக்கு என்ன மிச்சம் தருகிறது, வாங்கியவர் மறுபடி வருகிறாரா என்று மூன்று மாதம் எழுதிப் பாருங்கள்" என்ற ஆலோசனைதான்.

அந்தக் கணக்கு நான் நம்பியிருந்ததைப் பொய்யாக்கியது. கொப்பரைக் களங்களும் பெரிய ஆலைகளும் நிறைந்த இந்த ஊரில், அவற்றின் விலையோடு போட்டியிட்டுத் தேங்காய் எண்ணெயில் நான் காலம் கழித்தது வீண். கருப்பட்டி சேர்த்து ஆட்டும் நல்லெண்ணெய்க்கு வந்தவர்களே திரும்பத் திரும்ப வந்தார்கள். ஆகவே நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தினேன். தேங்காய் எண்ணெய்க்காக வந்த சில பழைய வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டது உண்மை.

எதிர்பாராதது புண்ணாக்கு. மரச்செக்குப் புண்ணாக்கில் எண்ணெய்ப் பசை கூடுதலாகத் தங்குவதால் மாடு வளர்ப்போர் அதைத் தேடி வாங்குகிறார்கள். முன்பு மொத்த வியாபாரியிடம் தள்ளிவிட்டதை இப்போது நேரடியாக விற்கிறேன், மாத மின்கட்டணம் அதிலேயே அடைந்துவிடுகிறது.