சிஎஸ் 2 (கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 கேம்): மைக் இல்லாமல் டீமுக்குச் சட்டென்று தகவல் சொல்ல எந்த கீயில் எதை வைக்கலாம்?

பனானா_வாசல்:
பிரீமியர் என்ற ரேங்க் மோடில் எனக்குப் பெரும்பாலும் சென்னை அல்லது மும்பை சர்வர்தான் விழுகிறது. ஐந்து பேர் டீமில் மூன்று மொழி, நாலு மொழி கலந்திருக்கும். ராத்திரியில் மைக்கும் போட முடியாது. அதனால் எஃப்1 முதல் எஃப்6 வரை ஆறு மெசேஜை பைண்ட் செய்தேன், அதாவது கீக்கு ஒரு மெசேஜ் என்று ஒதுக்கினேன். இரண்டு வேலையே செய்யவில்லை. "பி ரஷ்" (எல்லோரும் பி சைட்டுக்கு ஓடலாம்) என்று வைத்தது எதிர் டீமுக்கும் தெரிந்துவிட்டது. எங்கே தப்பு? வேறு நல்ல வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

கனெக்டர்_கண்ணன்:
ப்ரோ, முதலில் இருப்பதைச் சரி செய்துவிடலாம். கமாண்டுகளை இங்கே ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன், கன்சோலில் (கேமுக்குள் கமாண்ட் தட்டும் பெட்டி) ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

எதிரிக்குப் போனதற்குக் காரணம், நீங்கள் "சே" என்று வைத்திருக்கிறீர்கள். அது பத்து பேருக்கும் போகும். டீமுக்கு மட்டும் என்றால் "சே_டீம்", நடுவில் அண்டர்ஸ்கோர். ஒய் கீக்கும் யு கீக்கும் உள்ள அதே வித்தியாசம்தான்.

வேலை செய்யாத இரண்டையும் ஏதாவது வெப் பக்கத்திலிருந்து காப்பி செய்தீர்களா? அப்படியென்றால் மேற்கோள் குறியைப் பாருங்கள். வளைந்த குறியாக ஒட்டியிருந்தால் கேம் அதை மேற்கோளாகவே எடுத்துக்கொள்ளாது. அழித்துவிட்டு கீபோர்டில் நேராகத் தட்டுங்கள். முழு வரி இப்படி வரணும்: பைண்ட், ஒரு இடைவெளி, கீயின் பெயர், ஒரு இடைவெளி, பிறகு நேர் இரட்டை மேற்கோளுக்குள் சே_டீமும் உங்கள் வாசகமும். வாசகத்துக்கு உள்ளே இன்னொரு இரட்டை மேற்கோள் கூடாது, வெளி மேற்கோள் அங்கேயே மூடிக்கொள்ளும். அரைப்புள்ளியும் வேண்டாம். மேற்கோளுக்கு வெளியே அரைப்புள்ளி விழுந்தால், அதற்குப் பின்னால் இருப்பது கீயில் சேராமல் அந்த நொடியே ஓடிவிடும்.

கீ தேர்வும் சரியில்லை. எஃப்1, எஃப்2 ஓட்டுப் போடும் கீ. டைம்அவுட் கேட்டு ஓட்டெடுப்பு வந்திருக்கும் நேரத்தில் மெசேஜுக்காக எஃப்1-ஐத் தொட்டால் சிக்கல். எஃப்3, எஃப்4 டீஃபால்ட்டாக ஆட்டோபை, ரீபை (ஆயுதம் தானாக வாங்குவது, முன்பு வாங்கியதையே திரும்ப வாங்குவது). அதனால் எஃப்6-க்கு மேலே போங்கள், இல்லையென்றால் மவுஸின் பக்கவாட்டு பட்டன் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றின் பெயர் மவுஸ்4, மவுஸ்5. ஒரு கீயில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்க, பைண்ட் என்று தட்டி கீ பெயரை மட்டும் கொடுத்து என்டர் தட்டினால் போதும்.

டபுள்டோர்ஸ்:
கண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் ஆறு பைண்ட் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. "எதிரி இங்கே" என்று சொல்வதற்கு டெக்ஸ்ட் பைண்ட் சரியான கருவி இல்லை. முன்கூட்டியே எழுதி வைத்த வாசகத்துக்கு எத்தனை பேர், எந்த மூலை, எவ்வளவு ஹெச்பி (மிச்ச உயிர்) என்று எப்படித் தெரியும்? அந்த மூன்றும் இல்லாத தகவலை வைத்து டீம் ஒன்றும் செய்ய முடியாது.

இடத்தைக் காட்ட பிங்தான், அதாவது டீமுக்குத் தெரியும் ஒரு குறி. டீஃபால்ட்டாக மவுஸின் நடு பட்டன், அதாவது வீலை அழுத்துவது. கிராஸ்ஹேர் (திரை நடுவில் உள்ள குறிபார்க்கும் புள்ளி) எங்கே இருக்கிறதோ அங்கே குறி விழும், ரேடாரிலும் தெரியும். மொழியே தேவையில்லை. வீலை அழுத்தும்போது கை ஆடி எய்ம் நகர்கிறது என்றால் மவுஸ்5-க்கு மாற்றிவிடுங்கள். அந்த பட்டனை மெசேஜுக்கு வீணாக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

பிங் போடும்போது சுவரைப் பார்த்துப் போடாதீர்கள். இன்ஃபெர்னோ மேப்பில் பனானா என்ற பாதையில் சத்தம் கேட்கிறது என்று சிடி (குண்டு வைப்பதைத் தடுக்கும் டீம்) பக்கம் நின்றபடி சுவரை நோக்கி அழுத்தினால், குறி உங்கள் முன்னால் உள்ள சுவரில்தான் விழும். அதைப் பார்ப்பவர் ஆள் பக்கத்திலேயே நிற்கிறான் என்று நினைத்துத் திரும்புவார். ஆள் வரக்கூடிய வாசலின் விளிம்பில் குறியை வையுங்கள்.

இன்னொன்று. டீம் சாட்டில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கும் இடம் தானாகவே வரும். அது உங்கள் இடம், எதிரியின் இடம் அல்ல. மிராஜ் மேப்பில் கனெக்டர் என்ற இடத்தில் நின்றுகொண்டு வெறும் "2" என்று மட்டும் அனுப்பினால், கனெக்டரில் இரண்டு பேர் என்றுதான் படிப்பார்கள். நீங்கள் சொன்னது மிட் (மேப்பின் நடுப்பகுதி) பற்றியாக இருக்கலாம். இடத்தின் பெயரைச் சேர்த்தே தட்டுங்கள்: "2 மிட்".

ரீடேக்_ராணி:
மொழிப் பிரச்சினைக்கு சாட் வீல் (தயார் வாசகங்கள் உள்ள வட்ட மெனு) இருக்கே, யாருமே சொல்லலையே. அதில் இருக்கும் வாசகங்கள் கேமோடு வருபவை. அவரவர் கேமை எந்த மொழியில் வைத்திருக்கிறாரோ அந்த மொழியில் அவருக்குத் தெரியும். நீங்கள் கையால் எழுதும் பைண்ட் அப்படி மாறாது.

மூன்று வீல், ஒவ்வொன்றிலும் எட்டு இடம், மொத்தம் 24. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் சாட் வீல் என்று ஆங்கிலத்தில் தேடினால் வாசகங்களை மாற்றும் இடமும் கீ வைக்கும் இடமும் கிடைக்கும். 24-ஐயும் நிரப்பினால் ஒன்றும் கைக்குப் பழகாது. முதல் வீலில் மேல், கீழ், இடம், வலம் என்று நாலு திசையில் மட்டும் அதிகம் வேண்டியதை வையுங்கள். மூலைத் திசைகளில் அவசரத்தில் தப்பாக விழும். வாங்கும் நேரத்துக்கான வாசகங்கள், அதாவது ட்ராப் வேண்டும் (எனக்கு ஆயுதம் வாங்கிப் போடு), இந்த ரவுண்ட் சேவ் (காசை மிச்சம் பிடிப்போம்) மாதிரி, அவற்றை இரண்டாவது வீலுக்குத் தள்ளிவிடுங்கள்.

பனானா_வாசல்:
நன்றி, மூன்று பேருக்கும். சே_டீம் மாற்றியதும் சரியாகிவிட்டது, மேற்கோள் குறிதான் மற்றதற்கும் காரணம். வீலும் வைத்துப் பார்த்தேன். ஆனால் வீல் திறந்திருக்கும்போது எதிரி வந்தால் எய்ம் நகரவே மாட்டேன் என்கிறது. இது பக்-ஆ (கேமில் உள்ள பிழையா)? பிசியை ஃபார்மேட் செய்தால் இதெல்லாம் போய்விடுமா?

ரீடேக்_ராணி:
பக் இல்லை சகோ. வீல் திறந்திருக்கும்வரை மவுஸ் அசைவு வாசகத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் போகும், பார்வையைத் திருப்பாது. அதனால் வீல் என்பது ஃப்ரீஸ் டைமிலும் (ரவுண்ட் தொடங்கும் முன் நகர முடியாத நேரம்), கவருக்குப் பின்னால் நிற்கும்போதும் மட்டும். ஆங்கிள் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கனெக்டர்_கண்ணன்:
டெக்ஸ்ட் பைண்ட் ஒரே அழுத்தில் முடிவதால் அங்கே அந்தத் தொல்லை இல்லை. டபுள்டோர்ஸ் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் மூன்று பைண்ட் வைத்திருக்கலாம், எல்லாம் முடிவைச் சொல்பவை: "சேவ், போக வேண்டாம்", "கிட் என்னிடம்", "ஸ்மோக் போட்டதும் உள்ளே போகலாம்". கிட் (குண்டைச் செயலிழக்க வைக்கும், அதாவது டிஃப்யூஸ் செய்யும் கருவி) பைண்டுக்கு ரீடேக்கில், குண்டு வைத்த இடத்தை மீட்கும்போது, பெரிய மதிப்பு. குண்டு வெடிக்க 40 விநாடி. கிட் இருந்தால் டிஃப்யூஸுக்கு 5 விநாடி, இல்லையென்றால் 10. யாரிடம் கிட் என்று தெரியாமல் இரண்டு பேர் தயங்கினால் அந்த 5 விநாடி அங்கேயே போய்விடும். வாசகத்தைச் சின்னதாக, எல்லோருக்கும் புரியும் ஆங்கிலச் சொல்லில் வையுங்கள். செத்த பிறகு எதிரியின் ஹெச்பியைச் சொல்ல மட்டும் யு அழுத்திக் கையால் தட்டுங்கள்.

ஒரே கீயில் இரண்டு சே_டீம் சேர்க்க வேண்டாம், இடைவெளியில்லாமல் போகும் இரண்டாவது வரி விழாமல் போகலாம். 2024 ஆகஸ்டில் கேமை உருவாக்கிய வால்வ் நிறுவனம் தடுத்தது நகர்வு, தாக்குதல் செயல்கள் ஒன்றுக்கு மேல் சேர்ந்த பைண்டுகளைத்தான். மெசேஜ் பைண்டுக்கு அதனால் பாதிப்பு இல்லை.

ஃபார்மேட் கேள்விக்கு: கன்சோலில் தட்டியது கேமை மூடினாலும் இருக்கும். ஆனாலும் ஒரு காப்பி வைத்துக்கொள்வது நல்லது. ஸ்டீமில் கேம் மீது ரைட் கிளிக், மேனேஜ், பிரௌஸ் லோக்கல் ஃபைல்ஸ். அங்கே கேம், அதற்குள் சிஎஸ்கோ, அதற்குள் சிஎஃப்ஜி ஃபோல்டர். அதில் ஆட்டோஎக்ஸெக் டாட் சிஎஃப்ஜி என்று (கேம் திறக்கும்போது தானாக ஓடும்) ஒரு ஃபைல் போட்டு வரிக்கு ஒரு பைண்ட் எழுதுங்கள். நோட்பேட் பின்னால் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிவிடும், விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும், ஃபைல் ஓடாததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். எக்ஸ்ப்ளோரரில் வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸைத் தெரியவைத்துவிட்டுப் பெயரை மாற்றுங்கள். பிறகு அந்த ஃபைலை பென் டிரைவில் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு ஃபார்மேட் செய்யுங்கள்.