கூடுவாஞ்சேரியா, முடிச்சூரா, திருநின்றவூரா? 55 லட்சத்துக்குள் வீடு

விழுப்புரத்துப் பெண்:
எனக்குக் கிண்டியில் வேலை, கணவருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில். இப்போது குரோம்பேட்டையில் வாடகைக்கு இருக்கிறோம். கையில் 15 லட்சம் இருக்கிறது, மீதிக்கு வங்கிக் கடன். மாமனார், மாமியார் விழுப்புரத்திலிருந்து அடுத்த வருடம் எங்களோடு வந்துவிடுவார்கள். கூடுவாஞ்சேரியில் ஒரு பழைய ஃபிளாட், முடிச்சூரில் புது ஃபிளாட், திருநின்றவூரில் சின்னதாக ஒரு தனி வீடு பார்த்திருக்கிறோம். கணவருக்குத் தனி வீட்டின் மேல்தான் ஆசை. முடிச்சூர் புரோக்கர் "இப்போதெல்லாம் இங்கே தண்ணீர் நிற்பதே இல்லை" என்கிறார். அங்கே குடியிருப்பவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

முடிச்சூர்வாசி:
சகோதரி, இந்த ஊரில்தான் பல வருடமாக இருக்கிறேன். எனக்குப் பிடித்த ஊர், அதனால்தான் மறைக்காமல் சொல்கிறேன். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் எல்லாம் அடையாற்றில் சேர்ந்து எங்கள் பக்கம்தான் வந்தாக வேண்டும். வரதராஜபுரத்திலும் முடிச்சூரிலும் ஆட்களைப் படகில் மீட்டார்கள். அதற்கப்புறம் ஆற்றை அகலப்படுத்தினார்கள், மூடுகால்வாய் கட்டினார்கள். பலன் இல்லாமல் இல்லை. ஆனாலும் 2023 மிக்ஜாம் புயலில் தாழ்வான தெருக்களில் மறுபடி வெள்ளம் வந்தது.

இதனால் முடிச்சூரே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். இங்கே தெருவுக்குத் தெரு மேடு பள்ளம் மாறும். என் தெருவுக்குள் தண்ணீர் வரவில்லை, இரண்டு தெரு தள்ளி ஜன்னல் வரை நின்றது. புரோக்கரை விட்டுவிட்டு, அந்தத் தெருவில் இஸ்திரி போடுபவரிடமும் மளிகைக் கடைக்காரரிடமும் கேளுங்கள். பழைய வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் வாசற்படி நாலைந்து அடி உயர்ந்திருந்தால் அதற்குக் காரணம் இருக்கும். சர்வே எண்ணை வாங்கி, அரசின் இ-சேவைத் தளத்தில் அ-பதிவேட்டையும் (நிலம் என்ன வகை, யாருடையது என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவு) பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மாமனார், மாமியார் வருவதாக இருந்தால் தரைத்தள வீடு எடுக்கவே எடுக்காதீர்கள், லிஃப்ட் உள்ள கட்டடமாகப் பாருங்கள்.

ஆவடி லைன்:
திருநின்றவூர் நல்ல ஊர்தான். தனி வீடு இந்த விலைக்குக் கிடைக்கிறது என்றால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் உங்கள் இருவர் வேலையும் தென்சென்னை ரயில் தடத்தில் இருக்கிறது. நீங்கள் தினமும் சென்ட்ரல் வரை போய், ரோட்டைக் கடந்து பூங்கா நிலையத்தில் வண்டி மாற வேண்டும். கணவர் வெளிவட்டச் சாலையில் வண்டலூர் வந்து தாம்பரம் போகலாம், மழைக்காலத்தில் பைக்கில் அது பெரும்பாடு. பட்டாபிராம் டைடல் பார்க்கில் வேலை என்றால் நானே வாங்கச் சொல்வேன்.

விழுப்புரத்துப் பெண்:
இருவருக்கும் ரொம்ப நன்றி. திருநின்றவூரை விட்டுவிடுகிறோம். கூடுவாஞ்சேரி ஃபிளாட் 12 வருடப் பழையது, மொத்தமே ஆறு வீடுகள். அதில் என்ன பார்க்க வேண்டும்?

முடிச்சூர்வாசி:
உங்களுக்கு அந்தப் பக்கம்தான் பொருத்தம் என்று எனக்கும் தோன்றுகிறது. செங்கல்பட்டு வண்டியில் ஏறினால் சானடோரியம், கிண்டி இரண்டுக்கும் மாறாமல் போகலாம். விழுப்புரம் பேருந்து ஏறக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையமும் பக்கம். ஆனால் தாம்பரத்தோடு நிற்கிற வண்டிகளே அதிகம், அதனால் உங்கள் அலுவலக நேரத்துக்கு வண்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேயும் நந்திவரம் ஏரி நிரம்பி வழிந்தால் தண்ணீர் போகும் பாதையில் நகர்கள் இருக்கின்றன, அதே விசாரணை அங்கேயும் வேண்டும்.

எட்டு வீடுகளுக்குள் இருக்கும் கட்டடத்துக்கு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவே கட்டாயமில்லை, அதனால் காகிதங்களை நீங்கள்தான் துருவ வேண்டும். 30 வருட வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் மூலப் பத்திரம்), யுடிஎஸ் எனப்படும் மனையில் பிரிக்கப்படாத உங்கள் பங்கு எத்தனை சதுர அடி, இதெல்லாம் வக்கீல் பார்ப்பார். அங்கீகரித்த வரைபடத்தில் எத்தனை மாடி, கட்டியிருப்பது எத்தனை மாடி என்று நீங்களே நேரில் எண்ணுங்கள். வங்கி கடன் தருகிறது என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் போர்வெல் தாங்குகிறதா, லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று மேல்மாடிக் குடித்தனக்காரரிடம் கேளுங்கள். அட்வான்ஸ் மட்டும் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து, அந்தத் தெருவை ஒருமுறை நடந்து பார்த்த பிறகு கொடுங்கள்.