நாலு மணிக்கு வரும் இனிப்பு ஆசை: உங்கள் வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இந்த வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். சாயங்காலம் நாலு மணி ஆனால் ஒரு பக்கம் ஜிகர்தண்டா, இன்னொரு பக்கம் பருத்திப்பால், நடுவில் சீனி தூக்கலாகப் போட்ட டீ. பசி இருக்காது, ஆனாலும் வாய் இனிப்பைத் தேடும். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சர்க்கரை இருப்பதால், எனக்கு இது சின்ன விஷயமாகப் படவில்லை. ஒரு ஆயுர்வேத டாக்டரைப் போய்ப் பார்த்தேன்.

என்ன இனிப்பு சாப்பிடுகிறேன் என்று அந்த டாக்டரம்மா கேட்கவே இல்லை. "மத்தியானம் என்னம்மா சாப்பாடு? ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்குறீங்க?" இந்த ரெண்டு கேள்விதான். டிபன் பாக்ஸில் வெள்ளைச்சோறு, சாம்பார், உருளைக்கிழங்குப் பொரியல். படுக்கப் பன்னிரண்டு ஆகிவிடும். "இனிப்பு, புளிப்பு, உப்பு, உறைப்பு நாலும் இருக்கு. கசப்பும் துவர்ப்பும் எங்க?" என்றார். ஆறு சுவையும் சேராத சாப்பாட்டில் மனசு நிறையாது, நிறையாத வாய் கொஞ்ச நேரத்தில் இனிப்பைத்தான் கேட்கும் என்பது அவர் சொன்ன கணக்கு. வெறும் வெள்ளைச்சோறு ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும், சிலருக்கு அதே வேகத்தில் இறங்கவும் செய்யும். தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் கூடி, போதும் என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. ஆக, நாலு மணி ஆசைக்கான விதை முந்தின நாள் ராத்திரியே விழுந்துவிடுகிறது. இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சோற்றைக் குறைத்து கீரை, வாழைப்பூ, பாசிப்பயறு என்று கூட்டினேன். சுண்டைக்காய் வத்தல் தினமும் உண்டு. நாலு மணிக்கு ஒரு பெருநெல்லிக்காய். கல் உப்பைத் தொட்டுக் கடித்தால் முதலில் புளிப்பு சுள்ளென்று ஏறும், பிறகு துவர்ப்பு பல்லைப் பிடித்து நாக்கைச் சுருக்கும். அப்போது ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துப் பாருங்கள், தொண்டை வரைக்கும் இனிக்கும். எனக்குப் பாதி நாள் அந்த இனிப்பே போதுமாக இருக்கிறது.

மீதி நாளுக்கு மூச்சுதான். குடோனில் துணி மூட்டைகளுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து கொஞ்ச நேரம் இரண்டு மூக்குத் துவாரத்திலும் மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடிசுத்தி, அப்புறம் காதை மூடிக்கொண்டு வண்டு மாதிரி ரீங்கரிக்கும் பிராமரி. "ஆசை வந்தா அடக்காதீங்க, கால் மணி நேரம் தள்ளிப் போடுங்க" என்பார் எங்கள் யோகா மாஸ்டர். அந்தக் கால் மணி நேரத்தைக் கடக்க மூச்சு துணைக்கு வருகிறது. காலையில் சூரிய நமஸ்காரம், பச்சிமோத்தாசனம், அர்த்த மத்ஸ்யேந்திராசனம். சாப்பிட்ட பிறகு வஜ்ராசனம் தவிர வேறு ஆசனம் கூடாது, அதற்குப் பதில் பத்து நிமிஷம் நடந்தால் சர்க்கரைக்கு நல்லது.

ஒரு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "சீனிதானே கெடுதல், கருப்பட்டி போட்டுக்க" என்று நம் பக்கம் எல்லோரும் சொல்கிறார்கள். வெல்லம், கருப்பட்டி இரண்டிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையே, சர்க்கரை நோயும் அடங்கும் பிரமேகத்துக்குக் காரணமாக உட்கார்ந்தே இருக்கும் சுகம், தூக்க சுகம், தயிர், புது அரிசி என்று அடுக்கும்போது வெல்லப் பண்டங்களையும் சேர்த்துச் சொல்கிறது. சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல். அது ஆறு டீஸ்பூன்தான், கருப்பட்டியும் அதில் அடக்கம்.

அதற்காக இனிப்பே ஆகாது என்று நான் சொல்லவில்லை. அழகர் ஆற்றில் இறங்கும்போது தீபம் ஏற்றிப் படைத்த சர்க்கரையை யாராவது கையில் வைத்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொள்வேன். கல்யாணப் பந்தியில் இனிப்பைத்தான் இலையில் முதலில் வைக்கிறார்கள். ஆயுர்வேதமும் இனிப்பில் தொடங்கி கசப்பு, துவர்ப்பில் முடிக்கச் சொல்கிறது. ஆசைப்பட்டதைச் சாப்பாட்டோடு கொஞ்சம் சாப்பிடுவது, நாலு மணிக்கு வெறும் வயிற்றில் சாப்பிடுவதைவிட எவ்வளவோ மேல்.

உங்கள் வீட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்.

மேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி:

அக்கா, எங்க ஊர்ல வேலியோரம் சிறுகுறிஞ்சான் படர்ந்து கிடக்கும். ரெண்டு இலையை நல்லா மென்னுட்டு சீனியை நாக்குல வச்சா மணலைத் தின்ன மாதிரி இருக்கும், இனிப்பே தெரியாது. அதுல இருக்குற ஜிம்னிமிக் அமிலம் நாக்குல இனிப்பு தெரியுற இடத்தைக் கொஞ்ச நேரம் அடைச்சிருமாம். அரைமணி நேரம், சில பேருக்கு ஒரு மணி நேரம் கூட நிக்கும். கரும்புக்காட்டுல வேலை நடக்குறப்ப டீ வர்றதுக்கு முன்னாடி மெல்லுவேன். டீ வெறும் சூடு, கசப்பு, பால் வாசனைன்னு தெரியும். ரெண்டாவது டம்ளர் கேக்கத் தோணாது. கருது அடிக்கிற சமயத்துல தூக்கம் கெட்டா மட்டும் எந்த இலையும் எடுபடுறதில்ல, நீங்க சொன்ன தூக்கக் கணக்கு அங்க சரியா இருக்கு.

திருநகரிலிருந்து:

தம்பி சொன்னது உண்மை. ஆனால் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். என் மாமனார் மாத்திரையோடு யாரையும் கேட்காமல் சிறுகுறிஞ்சான் பொடியும் எடுத்துக்கொண்டிருந்தார், கூடவே ராத்திரிச் சாப்பாட்டையும் பாதியாகக் குறைத்துவிட்டார். ஒரு நாள் விடியற்காலையில் சட்டை நனைகிற அளவு வியர்வை, கை நடுக்கம், பேச்சு குழறல். அத்தை சட்டென்று சீனித் தண்ணீர் கலக்கிக் கொடுத்ததால் பிழைத்தார். பிறகு டாக்டர் பொடியை நிறுத்தி, சாப்பாட்டுக்குத் தகுந்தபடி மாத்திரை அளவை மாற்றினார்.

இப்படிச் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டால், நினைவோடு இருப்பவருக்கு மூன்று நாலு டீஸ்பூன் சீனி, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி சர்க்கரை பார்க்க வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள். மாமனார் இப்போதும் காலையில் மூச்சுப் பயிற்சி செய்கிறார். ரத்த அழுத்தமும் இருப்பதால் மூச்சை அடக்கி வைப்பதில்லை. வெளியே கிளம்பும்போது சட்டைப்பையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறதா என்று அத்தை பார்த்துத்தான் அனுப்புவார்.