51.9 விழுக்காடு போதுமா? பிரெக்ஸிட் பற்றி ஒரு விவாதம்

தேம்ஸ்கரை: 2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறலாம் என்று பிரிட்டனில் 51.9 விழுக்காட்டினர் வாக்களித்தார்கள். இருக்கலாம் என்றவர்கள் 48.1. 1973 முதல் இருந்த உறவை இந்தச் சின்ன வித்தியாசத்தில் அறுத்தது தவறு. வாக்குச்சீட்டில் இருப்பதா, வெளியேறுவதா என்ற ஒரே கேள்விதான். வெளியேறினாலும், ஒன்றியத்தில் சேராத நார்வே மாதிரி அதன் பொதுச் சந்தைக்குள் மட்டும் நிற்பதா, அதையும் விடுவதா என்று யாரும் கேட்கவில்லை. அதனால்தான் அப்போதைய பிரதமர் தெரசா மேயின் வெளியேற்ற ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் மூன்று முறை தோற்றது.

வயல்காட்டான்: தம்பி, வெளியேறச் சொன்னவர்கள் 1.74 கோடிப் பேர். அது சின்ன எண்ணிக்கையா? அப்போது நான் லிங்கன்ஷயரில் பாஸ்டன் ஊரில் முட்டைக்கோஸ் பேக்கிங் வேலையில் இருந்தேன். கையில் இந்தியப் பாஸ்போர்ட்தான், ஆனால் காமன்வெல்த் குடிமகன் என்பதால் ஓட்டு உண்டு. 2004-ல் போலந்தும் லித்துவேனியாவும் ஒன்றியத்தில் சேர்ந்த பிறகு ஊருக்கு ஆட்கள் வந்து குவிந்தார்கள். உழைப்பாளிகள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் பக்கத்து வீட்டில் மூன்று அறையில் பன்னிரண்டு பேர். இரவு ஷிஃப்ட் முடித்து வருகிறவர் படுப்பதற்காகப் பகல் ஷிஃப்ட் ஆள் எழுந்து போவார். வாடகை ஏறியது, டாக்டரைப் பார்க்க வாரக்கணக்கில் காத்திருந்தோம். பாஸ்டனில் 75.6 விழுக்காடு வெளியேறச் சொன்னது சும்மா இல்லை.

நெய்க்கடை: அண்ணே, உங்கள் கஷ்டம் புரிகிறது, என் கஷ்டத்தையும் கேளுங்கள். முன்பு லண்டனில் வேனில் ஏற்றினால் மறுநாள் பாரிஸ் லா ஷப்பேலில் நம் ஆட்களின் கடைகளில் சரக்கு இறங்கிவிடும். வெளியேற்றம் முழுதாக நடைமுறைக்கு வந்த 2021 ஜனவரியிலிருந்து ஒவ்வொரு தடவையும் சுங்கப் படிவம். நெய் என்றால் கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட சான்றிதழும் வேண்டும். நாலு டப்பாவுக்கும் அதே தாள், நானூறுக்கும் அதே தாள். பெரிய கம்பெனி தாங்கும். நான் நெய் அனுப்புவதையே நிறுத்திவிட்டேன்.

கிளைட்நதி: கிளாஸ்கோவிலிருந்து எழுதுகிறேன். ஸ்காட்லாந்தில் 62 விழுக்காடு இருக்கச் சொன்னோம். வட அயர்லாந்திலும் பெரும்பான்மை அதுதான். எங்களையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொண்டு போனார்கள். பிரிட்டனோடு வெளியேறும் வட அயர்லாந்துக்கும் ஒன்றியத்திலேயே இருக்கும் அயர்லாந்துக்கும் நடுவில் சோதனைச் சாவடி வந்தால், வட அயர்லாந்து வன்முறையை முடித்துவைத்த 1998 அமைதி உடன்படிக்கை என்னவாகும் என்று பிரசாரத்தில் எத்தனை பேர் பேசினார்கள்?

வயல்காட்டான்: அயர்லாந்து விஷயம் சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நானும் அதை யோசிக்கவில்லை.

தேம்ஸ்கரை: அப்புறம் நீங்கள் எதற்காக ஓட்டுப் போட்டீர்களோ அதுவாவது நடந்ததா? 2023 ஜூன் வரையிலான ஒரே ஆண்டில் நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் போனவர்களைக் கழித்த எண்ணிக்கை) 9 லட்சத்தைத் தொட்டது.

வயல்காட்டான்: நடக்கவில்லை, அந்த வலி எனக்கும் இருக்கிறது. ஆனால் அந்த விசாக்களைக் கொடுத்தது வெஸ்ட்மின்ஸ்டர், அதாவது நம் பிரிட்டன் அரசு. 2024-ல் அந்த அரசை வீட்டுக்கு அனுப்பினோம். பிரசல்ஸில் உட்கார்ந்து ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்தை அப்படி அனுப்ப முடியுமா? எனக்கு அதுதான் கேள்வி.

தேம்ஸ்கரை: ஆணையத்தையே பதவியிறக்கும் அதிகாரம் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு உண்டு அண்ணே. அதில் பிரிட்டனுக்கு 73 உறுப்பினர்கள். 2014-ல் அவர்களைத் தேர்ந்தெடுக்க இங்கே வாக்களித்தது 100-க்கு 35 பேர் அளவுதான். அந்தத் தேர்தலிலும் உங்களுக்கு ஓட்டு இருந்தது. போனீர்களா?

வயல்காட்டான்: போகவில்லை தம்பி. எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டும் யாரும் வரவில்லை.