பழைய ஆல்பங்களுக்குள் கேட்கும் அறை: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

திரி தொடங்கியவர், நியூ ஜெர்சி

பழைய ஜாஸ், ராக் ஆல்பங்களில் வாத்தியங்களோடு அவை பதிவான அறையும் சேர்ந்தே கேட்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த அறையை நீங்கள் எங்கே, எப்படிக் கேட்டீர்கள்? ஸ்டூடியோவுக்கே போனவர்கள் எழுதுங்கள். வீட்டில் ஹெட்போன் மாட்டிக் கேட்டவர்களும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

மன்ஹாட்டனில் கிழக்கு 30-ஆவது தெரு, கதவு எண் 207. கொலம்பியா ரெக்கார்ட்ஸின் ஸ்டூடியோ இருந்த இடம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டே நாளில் இங்கே பதிவானது. அதே வருஷம் மே மாதம் சார்லஸ் மிங்கஸ் வந்து ‘மிங்கஸ் ஆ அம்’ வாசித்துவிட்டுப் போனார். கோடையில் டேவ் புரூபெக்கின் ‘டைம் அவுட்’. ஜாஸ் பக்கம் வருகிற யாருக்கும் முதலில் கையில் கொடுக்கும் மூன்று ஆல்பங்கள், ஒரே வருஷம், ஒரே கூரை! போய்ப் பார்த்தால் அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கிறது. 1980-களின் தொடக்கத்தில் ஸ்டூடியோவை மூடினார்கள், பிறகு கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். அந்த நடைபாதையில் நின்றபோது எனக்கு வந்தது கோபம்தான்.

அது முதலில் ஒரு தேவாலயம். ஸ்டூடியோ ஆன பிறகும் இசைக்காரர்கள் ‘தி சர்ச்’ என்றே சொல்லிவந்தார்கள். நீளம், அகலம், உயரம் எல்லாமே ஏறக்குறைய நூறு அடி. கொலம்பியாவில் பொறுப்பில் இருந்த மிட்ச் மில்லர், பெயிண்ட் அடிக்கிறேன், சுத்தம் பண்ணுகிறேன் என்று யாரும் அந்த ஹாலில் கைவைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். என்ன ஒரு காது அவருக்கு! பியானோ மேதை கிளென் கூல்டு, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ஸை 1955-இல் இங்கே பதிவு செய்தார். 1981-இல் அதையே மறுபடி பதிவு செய்ய நினைத்தபோதும் இங்கேதான் வந்தார். ராக் குழு பிங்க் ஃபிளாய்டின் ‘தி வால்’ ஆல்பத்துக்கான ஆர்க்கெஸ்ட்ராவும் 1979-இல் இங்கே வாசித்ததுதான்.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் உருப்படியான ‘சோ வாட்’டில் தொடக்கம் முடிந்து மைல்ஸ் சோலோவை, அதாவது தனி வாசிப்பை, எடுக்கும் இடத்துக்குப் போங்கள். டிரம்மர் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஓர் அடி கொடுப்பார். கொஞ்சம் பலமாகப் போய்விட்டதோ என்று அப்போது தோன்றியதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த ஒலி உடனே அடங்காது. டிரம்பெட் முதல் வாக்கியத்தை வாசித்துக்கொண்டிருக்கும், அதற்குப் பின்னால் சிம்பல் இன்னும் கரைந்துகொண்டே இருக்கும். கட்டடம் போய்விட்டது, அதன் உயரம் இந்தச் சில நொடிகளில் இருக்கிறது.

---

மிக்ஸிங் வேலை பார்ப்பவர், சென்னை

நல்ல திரி. தொழில் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

30-ஆவது தெருவில் ஹாலின் இயல்பான ஒலி மட்டும் பதிவாகவில்லை. கீழ்த்தளத்தில் கான்கிரீட் சுவரோடு தாழ்வான ஒரு சின்ன அறை இருந்தது. மேலே பதிவாகும் ஒலியைக் கீழே இருக்கும் ஸ்பீக்கருக்கு அனுப்புவார்கள். அது அந்த அறையில் மோதித் திரும்புவதை ஒரு மைக் எடுக்கும். அதைத் தேவையான அளவு மூல ஒலியோடு கலப்பார்கள். இன்று நாங்கள் கம்ப்யூட்டரில் ‘ரிவெர்ப்’ என்று ஒரு பட்டனை அழுத்துகிறோமே, அதற்கு அன்று ஒரு அறையே தேவைப்பட்டது.

இன்னொன்று, அது மூன்று டிராக் டேப், அதாவது ஒலியைத் தனித்தனியாகப் பதிய மூன்றே தடங்கள். ஆறு பேருக்குத் தனித்தனி டிராக் கிடையாது. அதனால் யார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதை பொறியாளர் ஃபிரெட் பிளாட் பெரும்பாலும் பதிவு நடக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும். ஒருவர் வாசிப்பது அடுத்தவர் மைக்கிலும் விழும். நாங்கள் அதை ‘லீக்’ என்று சொல்லித் தடுக்கப் பார்ப்போம். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் எல்லோரும் ஒரே இடத்தில் நிற்கிற உணர்வு வருவதற்கு அந்த லீக்தான் காரணம் என்பது என் கருத்து. அந்த அமர்வின் பேச்சு டேப்புகள் பின்னாளில் வெளிவந்தன. ஸ்னேர் டிரம் தானாக அதிர்ந்து கரகரக்கிறது என்று தயாரிப்பாளர் இர்விங் டவுன்சென்ட் சொல்வார். அதுவும் இதில் சேர்ந்ததுதான் என்று மைல்ஸ் விட்டுவிடுவார். எனக்கு அந்த உரையாடலைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. நான் பார்த்த எத்தனையோ ரெக்கார்டிங்குகளில் இப்படி ஒரு கரகரப்பைத் துடைக்கவே அரை நாள் போயிருக்கிறது.

கோடம்பாக்கத்திலும் ஆர்க்கெஸ்ட்ரா முழுவதும் பாடகரோடு சேர்ந்து உட்கார்ந்து ஒரே டேக்கில் எடுத்த காலம் உண்டு. மூத்தவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது, பாட்டைவிட அந்தத் தியேட்டரின் ஒலியைத்தான் அதிகம் சொல்வார்கள்.

---

வயலின் வாசிப்பவர், கோவை

மேலே சொன்ன அதே ஆல்பம், வேறொரு அனுபவம். மாமா வீட்டில் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் பழைய எல்பி இருந்தது. அதோடு சேர்ந்து வாசித்துப் பழகுவேன். இரண்டாம் பக்கத்தோடு சுருதி அழகாகச் சேரும். முதல் பக்கத்தைப் போட்டால் தந்தியை லேசாக ஏற்றிக்கொள்ள வேண்டும். பிளேயர் மேல் சந்தேகப்பட்டு பெல்ட்டைக்கூட மாற்றிப் பார்த்தாயிற்று.

காரணம் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மார்ச் 2 அன்று ஓடிய பிரதான டேப் மெஷின் சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி கொஞ்சம் ஏறிவிடும், ஏறக்குறைய கால் ஸ்வரம். அன்று பதிவான ‘சோ வாட்’, ‘ஃபிரெடி ஃபிரீலோடர்’, ‘ப்ளூ இன் க்ரீன்’ மூன்றும்தான் முதல் பக்கம். முப்பது வருஷத்துக்கும் மேல் உலகம் அந்த ஏறிய சுருதியில்தான் கேட்டுக்கொண்டிருந்தது! பக்கத்திலேயே ஒரு மாற்று மெஷினும் ஓடியிருந்தது, அது சரியான வேகத்தில் பதிந்திருந்தது. 1992-இல் அந்த டேப்பை எடுத்துத்தான் சரிசெய்தார்கள். 1997-இல் வந்த பதிப்பிலிருந்து சரியான சுருதி பரவலாகக் கிடைக்கிறது. கூடவே வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் அதற்கு முந்தைய அச்சை வாங்க வேண்டாம்.

திருத்திய பதிப்பில் மைல்ஸின் குரல், டிரம்பெட்டைத்தான் குரல் என்கிறேன், இன்னும் நிதானமாக இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கிறது. மாமா இன்றுவரை பழைய எல்பியை விட்டுக்கொடுக்கவில்லை.

---

லண்டன் உறுப்பினர்

முதலில் ஒரு எச்சரிக்கை. பீட்டில்ஸ் பதிவு செய்த ஏபி ரோடு ஸ்டூடியோவைப் பார்க்க வருகிறவர்கள் ‘ஏபி ரோடு’ என்ற ரயில் நிலையத்தில் இறங்காதீர்கள். அது கிழக்கு லண்டன். ஸ்டூடியோ வடமேற்கில், செயின்ட் ஜான்ஸ் வுட் நிலையத்தில் இறங்கி நடக்கிற தூரம். உறவினர்கள் வரும்போதெல்லாம் இதைச் சொல்லியே அனுப்புகிறேன்.

சாலையைக் கடந்து போட்டோ எடுத்துக்கொள்ளலாம், சுவரில் எழுதலாம், உள்ளே பொதுவாக விட மாட்டார்கள். ஆனால் 2012-இல் 80-ஆவது ஆண்டையொட்டி இரண்டாம் ஸ்டூடியோவிலேயே பொதுமக்களுக்குச் சொற்பொழிவுகள் நடத்தினார்கள். டிக்கெட் கிடைத்துப் போனேன். சுவரோரம் மேலே ஏறும் படிக்கட்டு, அதன் உச்சியில் கன்ட்ரோல் ரூம். படங்களில் பார்த்ததேதான். ஹால் நான் நினைத்ததைவிடப் பெரியது, அலங்காரம் எதுவும் இல்லாதது. பேச்சு தொடங்கும் முன் எல்லோரும் சும்மா இருந்த ஒரு நிமிடம் எனக்கு முக்கியமானது. 1963 பிப்ரவரி 11 அன்று பீட்டில்ஸ் ஒரே நாளில் பத்துப் பாட்டு பதிவு செய்தது இந்த ஹாலில். கடைசியாக எடுத்தது ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. ஜலதோஷத்தில் ஜான் லெனனின் தொண்டை அதற்குள் கிழிந்துபோயிருந்தது, ரெக்கார்டில் அது அப்படியே கேட்கும்.

அறையைக் கேட்க வேண்டும் என்றால் பீட்டில்ஸின் ‘எ டே இன் தி லைஃப்’ பாட்டின் முடிவுதான். ஆர்க்கெஸ்ட்ராவைப் பக்கத்தில் இருக்கும் பெரிய முதலாம் ஸ்டூடியோவில் எடுத்தார்கள், நாற்பது பேர். கடைசி ஈ மேஜர் கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிப்பது) இரண்டாம் ஸ்டூடியோவில், 1967 பிப்ரவரி 22. பல பியானோக்களில் ஒரே நேரத்தில் ஓங்கி அடித்துவிட்டுக் கையை எடுக்காமல் இருக்கிறார்கள். ஒலி தேயத் தேயப் பொறியாளர் லெவலை ஏற்றிக்கொண்டே போகிறார். நாற்பது நொடிக்கு மேல் நீள்கிறது. கடைசியில் பியானோ போய் அறைதான் மிஞ்சும்: யாரோ நாற்காலியில் அசைகிற கிறீச்சொலி. அதை நீக்காமல் விட்டதற்காகவே தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினையும் பொறியாளர் ஜெஃப் எமெரிக்கையும் கையெடுத்துக் கும்பிடலாம்.

பிங்க் ஃபிளாய்டின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஆல்பமும் இந்தக் கட்டடத்தில்தான், 1972-73. அதன் முடிவில் நிலாவைப் பற்றிப் பேசும் குரல் ஸ்டூடியோவின் வாயிற்காவலர் ஜெரி ஓடிரிஸ்காலுடையது. வாசலில் இருந்தவரையும் உள்ளே கூப்பிட்டுப் பேசவைத்திருக்கிறார்கள், எனக்கு ரொம்பப் பிடித்த செய்தி இது.

---

பெர்லினில் படிப்பவர்

இங்கே ஹான்சா ஸ்டூடியோ இருக்கிறது, வழிகாட்டியோடு உள்ளே போய்ப் பார்க்கலாம். பாடகர் டேவிட் பௌவி 1977-இல் ‘ஹீரோஸ்’ பதிவு செய்தபோது ஜன்னல் வழியே பெர்லின் சுவர் தெரிந்தது. உள்ளே பழைய கச்சேரி மண்டபம். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி பௌவியின் குரலுக்கு மூன்று மைக் வைத்தார்: ஒன்று முகத்துக்கு அருகே, இன்னொன்று சுமார் இருபது அடி தள்ளி, மூன்றாவது ஐம்பது அடி. தள்ளி இருந்த இரண்டிலும் ‘கேட்’ போட்டிருந்தார், ஒலி ஒரு அளவைத் தாண்டினால்தான் மைக்கைத் திறந்துவிடும் கருவி அது. மெதுவாகப் பாடினால் அருகில் இருப்பது மட்டும் வேலை செய்யும். குரல் ஏறினால் இரண்டாவது திறக்கும். உயிரைக் கொடுத்துக் கத்தினால்தான் கடைசி மைக் திறந்து முழு மண்டபமும் உள்ளே வரும். பாட்டின் தொடக்கத்தையும் கடைசிச் சரணத்தையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள்.

---

கடம் கற்பவர், திருச்சி

எல்லோரும் பெரிய ஹாலாகவே எழுதுகிறீர்கள். நான் வேறு மாதிரி அறையைச் சொல்ல வேண்டும்.

லண்டன் சோஹோவில் செயின்ட் ஆன்ஸ் கோர்ட் என்ற சந்து, அதில் டிரைடென்ட் ஸ்டூடியோ. 1968-இல் பீட்டில்ஸ் ‘ஹே ஜூட்’டை இங்கே வந்து பதிவு செய்தார்கள், எட்டு டிராக் மெஷின் இங்கே தயாராக இருந்ததுதான் காரணம். பௌவியின் ‘ஜிகி ஸ்டார்டஸ்ட்’டும் இங்கே பிறந்தது. அதே ஸ்டூடியோவுக்கு 1976-இல் ‘சக்தி’ குழு வந்தது: ஜான் மெக்லாஃப்லின் கிட்டார், எல். சங்கர் வயலின், ஜாகிர் ஹுசைன் தபலா, நம் விக்கு விநாயக்ராம் கடம். ஆல்பம் ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’. எனக்கு இதை அறிமுகப்படுத்தியவர் என் குருநாதர். பாடம் முடிந்ததும் “இதைக் கேளுடா” என்று போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதில் ‘லா தான்ஸ் து பொனேர்’ என்ற உருப்படி, தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோலில் தொடங்கும். தா, தகதிமி என்று ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக விழும், ஒன்றின் வால் அடுத்ததன் மேல் படியாது. கடத்தின் வாயை வயிற்றில் அழுத்தி விடும்போது வருகிற கும்கியும் விரல் நகம் ஓட்டில் படுகிற சத்தமும் வேறு வேறாகக் கேட்கும். கச்சேரி சபாவில் நான் எத்தனை தள்ளி உட்கார்ந்தாலும், எத்தனை முன்னால் உட்கார்ந்தாலும், கடத்தை இப்படிக் கேட்டதில்லை. நூறு அடி உயரத் தேவாலயத்தில் அந்த வேகத்தில் சொல்லியிருந்தால் ஜதி முழுவதும் ஒன்றோடொன்று குழைந்து போயிருக்கும். ‘சோ வாட்’டுக்கு அந்த உயரம் வேண்டும், இதற்கு எதிரொலி அடங்கிய, மைக் அருகில் இருக்கிற பதிவுதான் வேண்டும்.

மிக்ஸிங் செய்யும் அண்ணா இருக்கிறார், அவரிடம் ஒரு வேண்டுகோள்: கடம் பதிவு செய்யும்போது மைக்கை வாய்ப்பக்கம் வைப்பீர்களா, விரல் பக்கமா? அடுத்த மாதம் எங்கள் குழு ஒரு சின்ன ஸ்டூடியோவில் உட்காரப் போகிறது. அதற்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.