டேக்-குக்கு ‘குறிச்சொல்’ போதுமா? மேகக்கணிமை பெயர் விவகாரம், கருத்து வேணும்

எல்லாருக்கும் வணக்கம்,

நான் பெங்களூர்ல ஒரு கம்பெனில கிளவுட் மெஷின் (இன்டர்நெட் வழியா வாடகைக்கு எடுக்குற கம்ப்யூட்டர்), கிளவுட் பில்லு ரெண்டையும் பாத்துக்குற ஆளு. டீம்ல பாதிப்பேர் தமிழ், புதுசா வர்ற பசங்களுக்கு ஒரு கையேடு தமிழ்லயே எழுதி வெச்சிடலாம்னு உக்காந்தேன், மூணாவது பாராவுலயே வண்டி நின்னுடுச்சு. டேக்-குக்கு (மெஷின் மேல ஒட்டுற அடையாளச் சீட்டு மாதிரி ஒண்ணு) தமிழ்ல என்ன போடுறது?

குறிச்சொல்னு ஒண்ணு இருக்கு, வலைப்பதிவு காலத்துலேருந்து புழங்குது, நல்ல சொல்தான், அது மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. ஆனா அங்க கட்டுரைக்கு அடியில “மழை, சென்னை, அரசியல்”னு மூணு சொல் போடுவோம், அவ்ளோதான். சர்வர் மேல போடுற டேக் ஒரு சொல் இல்ல, ஜோடி. இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் பதில். யாரோடது? பேமென்ட்ஸ் டீமோடது. எந்தச் சூழல் (சோதனைக்கா, ப்ரொடக்‌ஷன்னு சொல்ற கஸ்டமர் பயன்பாட்டுக்கா)? ப்ரொடக்‌ஷன். எதுவரைக்கும் வேணும்? மார்ச் கடைசி. வெறும் “சென்னை”ன்னு எழுதி ஒட்டுனா மெஷின் சென்னைல இருக்கா, சென்னை கஸ்டமருக்கா, சென்னை ஆபீஸ் காசு கட்டுதான்னு யாருக்குத் தெரியும்?

போன மாசம் ஊருக்கு ஒரு பீரோ அனுப்ப கலாசிபாளையம் லாரி ஆபீஸ் போயிருந்தேன். கோணி மூட்டை மேல நீல மையைப் பிரஷ்ஷால தொட்டு மேல பார்ட்டியோட ரெண்டெழுத்து, அடியில போற ஊரு. லோடு ஏத்துறவர் உள்ள என்ன இருக்குன்னு கேக்கவே இல்ல, “மார்க் என்ன சார்”னு மட்டும்தான் கேட்டாரு. எல்ஆர் (லாரி ரசீது) புக்குலயும் மார்க்குக்குன்னு தனியா ஒரு கட்டம். எந்த மூட்டை எந்த லாரி, யார் கணக்கு, எல்லாம் அந்த மையில இருக்கு. எனக்கு அங்கேயே நின்னு சிரிப்பு வந்துடுச்சு, நாங்க ரெண்டு வருஷமா மீட்டிங் போட்டும் சரி பண்ண முடியாததை ஒரு பிரஷ் வெச்சு பண்றாங்க.

ஏன்னா எங்க நிலைமை இது. முன்ன வேலை பாத்த எடத்துல (பேர் வேண்டாம்) சூழலைச் சொல்ற டேக்கை ஒருத்தர் சின்ன எழுத்துல ‘என்வ்’னு போடுவார், ஒருத்தர் முதல் எழுத்தைப் பெருசாக்குவார், ஒருத்தர் முழுசும் பெரிய எழுத்து, நாலாவது ஆள் ‘என்விரான்மென்ட்’னு நீட்டி முழக்குவார். அமேசான் கிளவுட்ல பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசம் உண்டு, நாலும் நாலு தனி டேக். மைக்ரோசாஃப்ட்டோட கிளவுடான அஸூர்ல டேக் பேருக்கு அந்த வித்தியாசம் கிடையாது ஆனா மதிப்புக்கு உண்டு. பதில் பக்கம் பாத்தா ப்ராட், ப்ரொடக்‌ஷன், பிஆர்டி. மாசக் கடைசில பில்லை டேக் வாரியா பிரிச்சா ஒரே சூழலுக்கு பன்னெண்டு வரி, அடியில “டேக் இல்லாதவை”ன்னு ஒரு வரி, எல்லாத்தையும் விட அதுதான் பெருசு. இதுல டேக் போட்டா மட்டும் அமேசான் பில்லுல வந்துடாது, பில்லிங் பக்கத்துக்குப் போய் அந்த டேக்கைத் தனியா ஆன் பண்ணணும், அதை மறந்துட்டு மூணு வாரம் காத்திருந்த கதையும் இருக்கு.

பேரு கதை இன்னும் மோசம். சோதனைக்குன்னு ஒரு டேட்டாபேஸ் மெஷின் ஏத்துனாங்க, பேரு டெஸ்ட்-2. அது நல்லா ஓடுதுன்னு அப்படியே கஸ்டமருக்கு விட்டாச்சு, பேரை யாரும் தொடல. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, பேர்ல ‘டெஸ்ட்’ இருக்குற மெஷின் எல்லாத்தையும் நிறுத்துற ஸ்கிரிப்ட் ஓடுச்சு. 40 நிமிஷம் சைட் கிடையாது. ஸ்கிரிப்ட் எழுதுனது நான்தான்.

அதுலேருந்து நான் புடிச்சுக்கிட்ட விதி: மாறக்கூடிய விஷயம் பேர்ல வரக்கூடாது, டேக்ல வரணும். டேக்கை எப்ப வேணா மாத்தலாம், பேரு அப்படி இல்ல, அஸூர்ல பெரும்பாலான வளங்களுக்கு (மெஷின், டிஸ்க் மாதிரி கிளவுட்ல எடுக்குறது எல்லாமே வளம்தான்) ஒருதடவை வெச்ச பேரை மாத்தவே முடியாது, அழிச்சிட்டு புதுசா பண்ணணும். ஊரையே பாருங்க, பெங்களூரு ஆனது 2014 நவம்பர் 1, ஏர்போர்ட் கோடு இன்னும் பிஎல்ஆர்தான். மெட்ராஸ் 1996ல சென்னை ஆச்சு, ஐஐடி மெட்ராஸ் இன்னும் மெட்ராஸ்தான். பிடிஎம் லேஅவுட்ல குடியிருக்குறவங்கள்ல எத்தன பேருக்கு அது பைரசந்திரா, தாவரெகெரே, மடிவாளான்னு தெரியும்? சுருக்கெழுத்துல வெச்ச பேருக்கு அதான் கதி, வெச்ச ஆளு வேலைய விட்டுப் போனதும் அர்த்தமும் போயிடும்.

மெஷின் இருக்குற இடத்தைப் பேர்ல போடுறவங்க கவனமா இருங்க, ஒவ்வொரு கம்பெனியும் இடத்துக்கு வேற வேற கோடு வெச்சிருக்கு. அமேசானுக்கு மும்பை ஏபி-சவுத்-1, கூகுளுக்கு மும்பை ஏசியா-சவுத்1, ஹைஃபன் கூட வேற. ‘சவுத் 2’ன்னா அமேசான்ல ஹைதராபாத், கூகுள்ல டெல்லி!! டெல்லி எந்த ஊருக்குத் தெக்கன்னு எனக்குத் தெரியல. அஸூர்ல ‘சவுத் இந்தியா’ன்னா சென்னை.

சரி, சொல்லுக்கு வரேன். நம்ம தலைவலி என்னன்னா இங்கிலீஷ்லயே சொல் நிக்கல. அமேசானும் அஸூரும் டேக்-னு சொல்றதை கூகுள் லேபிள்னு சொல்லுது. கூகுள்ல டேக்-னாலே ரெண்டு வேற சமாச்சாரம், ஒண்ணு மெஷின் மேல ஒட்டுற ஒத்தைச் சொல், எந்த ஃபயர்வால் விதி (நெட்வொர்க்ல எதை உள்ள விடலாம்னு சொல்றது) எந்த மெஷினுக்குன்னு சொல்ல, இன்னொண்ணு அனுமதி, கொள்கை இதுக்கெல்லாம் போடுற ஜோடி. அதனால டேக்=இது, லேபிள்=அதுன்னு பட்டியல் போட்டா ஒரு வருஷத்துல குப்பைக்குப் போகும். அது பண்ற வேலைக்குப் பேர் வைப்போம்னு சொல்றேன். யாரோடது, எதுக்கு, யார் காசுன்னு சொல்றது வளக்குறி. விதி எங்க பொருந்தும்னு சொல்றது விதிக்குறி. ஜோடில இந்தப் பக்கம் குறிப்பெயர், அந்தப் பக்கம் குறிமதிப்பு. நேமிங் கன்வென்ஷனுக்கு (எல்லாரும் ஒரே மாதிரி பேர் வைக்குற ஒழுங்கு) பெயர்முறை. சிட்டைன்னும் யோசிச்சேன், பட்டா சிட்டா ஞாபகம் வந்து விட்டுட்டேன்.

அடிச்சுத் துவைங்க.

---

தம்பி, அல்சூரிலிருந்து எழுதுறேன். முப்பது வருஷம் தமிழ் வாத்தியார் வேலை பாத்தவ, சர்வர் பத்தி ஒண்ணும் தெரியாது, பையன் உக்காத்தி வெச்சு விளக்கினான்.

வளக்குறி நல்லா இருக்கு, வளம் + குறி, புணர்ச்சியும் சரி. ஆனா பெயர்முறை வேண்டாமே. உங்களுக்கு வேண்டிய சொல் நம்ம பள்ளிக்கூட இலக்கணத்துலயே இருக்கு, மரபு. யானைக்கன்று, ஆட்டுக்குட்டி, சிங்கக்குருளைன்னு படிச்சீங்களா இல்லையா? ஏன் யானைக்கன்றுன்னு கேட்டா காரணம் கிடையாது, பெரியவங்க அப்படிச் சொன்னாங்க, எல்லாரும் அப்படியே சொன்னாத்தான் பேச்சு ஓடும். என் பையன் கன்வென்ஷனுக்கு சொன்ன விளக்கமும் அச்சு அசல் அதேதான். அதனால பெயர்மரபுன்னு வைங்க. மரபைத் தப்பிப் பேசுறதுக்கு பேரும் ரெடியா இருக்கு, மரபுவழு.

இன்னொண்ணு. மெஷினுக்கு சாமி பேரும் கிரகத்து பேரும் வைப்பாங்களாமே, அது இடுகுறிப்பெயர். ஊரு, வேலை, சூழல் சேத்து வைக்குறது காரணப்பெயர். ஆறாம் கிளாஸ் பாடம். பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில்னு பெயர்ச்சொல் ஆறு வகை, அதை அப்படியே உங்க குறிப்பெயர் பட்டியலா வெச்சுக்கலாம்னு பையன்கிட்ட சொன்னேன், அவன் கொஞ்ச நேரம் பேசல.

---

எலக்ட்ரானிக் சிட்டில இருந்து. நான் கம்ப்யூட்டர் செக்யூரிட்டி பக்கம்.

முதல்ல ஜோக், அப்புறம் சண்டை. ‘குறி’ன்னு தனியா எழுதிடாதீங்க, கிளாஸ்ல பசங்க சிரிச்சே சாவாங்க. “இன்னைக்கு டீம் மொத்தமும் குறி போடணும்”னு மெயில் அனுப்புனா மேகத்துக்கு குறி சொல்றாங்களான்னு கேப்பாங்க. எப்பவும் வளக்குறின்னு முழுசா எழுதணும், இது விதியாவே இருக்கட்டும்.

இப்ப சண்டை. வளக்குறி, விதிக்குறின்னு பிரிச்சது கூகுளுக்கு சரி. அமேசான்ல ஒரே டேக்தான் ரெண்டு வேலையும் பாக்குது அண்ணே. ‘ஓனர் யாரு’ன்னு பில்லுக்காக போட்ட அதே டேக்கைப் பாத்துதான் “உன் டீம் மெஷினை மட்டும் நீ நிறுத்தலாம்”னு பாலிசி எழுதுறோம். டேக்கை மாத்துற உரிமை எல்லாருக்கும் இருந்தா ஒருத்தன் அடுத்த டீம் மெஷின் மேல தன் டீம் பேரை எழுதிட்டு உள்ள பூந்துடுவான். அப்ப அது வளக்குறியா விதிக்குறியா? உங்க கலாசிபாளையம் கணக்குலயே, மை டப்பா யார் கைல இருக்குங்கிறதுதான் எனக்கு கேள்வி.

அப்புறம் ஒரு சந்தேகம், குறிமதிப்பை தமிழ்லயே எழுதுனா ஏத்துக்குமா?

---

அம்மா, தம்பி, ரெண்டு பேருக்கும் சேத்தே எழுதிடுறேன்.

பெயர்மரபு, ஏத்துக்கிட்டேன், பேச்சே இல்ல. பெயர்முறையை தூக்கியாச்சு. மரபுவழு இன்னும் அருமை, பேரைச் சரிபாக்குற எங்க ஸ்கிரிப்ட் இது வரைக்கும் சிவப்புல ‘எர்ரர்’னு கத்தும், நேத்து அதை “மரபுவழு: பேர்ல சூழல் இல்லை”ன்னு மாத்தி வெச்சேன், பக்கத்து சீட்டு கன்னடக்காரர் என்னன்னு கேட்டு சொன்னதும் அவருக்கும் ஸ்கூல் ஞாபகம் வந்துடுச்சு. ஆறு வகைல ‘சினை’க்கு என்ன பண்றதுன்னு யோசிச்சேன், மெஷினோட ஒட்டுன டிஸ்க், நெட்வொர்க் கார்டு இதுக்கெல்லாம் வருது. இடமும் காலமும் தொழிலும் அப்படியே உக்காருது. பொருள்னா என்ன வகை வளம்னு வெச்சுக்கிட்டேன். குணம்தான் இடிக்குது, அதுல சூழலைப் போடுறதான்னு முடிவு பண்ணல.

இடுகுறிப்பெயர் பத்தி ஒண்ணு சொல்லணும். எங்க டீம்ல காரணப்பெயர்தான் சட்டம், ஆனா ரொம்ப காரணம் சொன்னா பேரு ரயில் பெட்டி மாதிரி நீளுது. அமேசான்ல ஃபைல் போட்டு வெக்குற எஸ்3 பக்கெட்டோட பேருக்கு 63 எழுத்து வரைக்கும் இடம், பெரிய எழுத்தும் அடிக்கோடும் ஆகாது. அஸூர் ஸ்டோரேஜ் அக்கவுண்டுக்கு வெறும் 24, சின்ன எழுத்தும் எண்ணும் மட்டும்தான், ஹைஃபன் கூட கிடையாது, அதுலயும் உலகத்துல வேற யாரும் அந்தப் பேரை வெச்சிருக்கக்கூடாது. ஹைஃபன் இல்லாம நாலு சுருக்கெழுத்தை ஒட்டி எழுதிப் பாருங்க, தந்தி மாதிரி இருக்கும். அதனால பேர்ல மூணே விஷயம், ப்ராடக்ட், சூழல், வரிசை எண், மீதி எல்லாம் வளக்குறிக்குப் போகட்டும்னு வெச்சிருக்கோம், அமேசான்லயும் அஸூர்லயும் ஒரு வளத்துக்கு 50 போடலாம், கூகுள்ல 64, நமக்கு எட்டே போதும். (டெஸ்ட்-2 அடிபட்டவன் சூழலைப் பேர்ல விடுறானேன்னு கேக்காதீங்க. சூழல் மாறுனா மெஷினையே புதுசா கட்டணும்னு இப்ப ரூல், அதனால அது மாறாத விஷயம் ஆயிடுச்சு.)

செக்யூரிட்டி தம்பி சொன்னது நியாயம், ஒத்துக்குறேன். வேலைக்குப் பேர் வைக்கணும்னு நானே சொல்லிட்டு, ஒரே பொருள் ரெண்டு வேலை பாக்கும்னு மறந்துட்டேன். இப்படி வெச்சா ஆகுமா பாருங்க: பொதுவா வளக்குறி. அதைப் பாத்து ஒரு அனுமதியோ ஃபயர்வாலோ முடிவெடுக்குதுன்னா அந்த எடத்துல அது விதிக்குறி. அதாவது விதிக்குறிங்கறது தனி ஜாதி இல்ல, வளக்குறி பாக்குற ஒரு உத்தியோகம். கூகுளோட ஒத்தைச் சொல் நெட்வொர்க் டேக்குக்கு மட்டும் பழைய குறிச்சொல்லே கச்சிதமா பொருந்துது, அதை அங்க வெச்சுடலாம். மை டப்பா கேள்விக்கு பதில், டெராஃபார்ம் (எழுதி வெச்ச ஃபைலைப் பாத்து கிளவுட் வளங்களை அமைக்குற மென்பொருள்) கைல. எங்க கையேட்டுல ‘கையால குறி’ன்னு எழுதி அடிச்சிட்டு ‘கையால வளக்குறி போடாதே’ன்னு திருத்திட்டேன், உங்க விதிப்படி.

தமிழ்ல மதிப்பு எழுதுறது: ஆசைப்பட்டு ஆவணத்தைப் பொரட்டிப் பாத்தேன். அமேசானோட பல சேவைகள்ல ஏபிஐ (ப்ரோக்ராம் வழியா சேவையை இயக்குற வழி) ஆவணத்துல இருக்குற விதி எழுத்து, எண், இடைவெளி, கொஞ்சம் நிறுத்தக்குறிகள் மட்டும்தான் அனுமதிக்குது. யூனிகோட் கணக்குல ‘க’ எழுத்து, ஆனா புள்ளி, கொம்பு, துணைக்கால் இதெல்லாம் எழுத்து வகைல வராது, ‘மார்க்’ங்கிற வேற வகை. அந்த விதிப்படி பாத்தா ‘மழை’ல ம வரும், ழ வரும், ஐகாரக் கொம்பு வராது, மொத்தமும் தள்ளுபடி. கலாசிபாளையத்துல மார்க் இல்லன்னா மூட்டை ஏறாது, இங்க மார்க் இருந்தா ஏறாது.

அதனால குறிப்பெயரும் குறிமதிப்பும் இங்கிலீஷ் சின்ன எழுத்துல, கையேடு தமிழ்ல. இப்போதைக்கு இப்படியே அனுப்பிடுறேன். குபெர்னெட்டிஸ்ல (ப்ரோக்ராம்களைப் பல மெஷின்ல பரப்பி ஓட்டுற மென்பொருள்) லேபிளைப் பாத்து ‘பாட்’டை (அது ஓட்டுற சின்ன அலகு) தேர்ந்தெடுக்குற ‘செலக்டர்’ ஒண்ணு பாக்கி, ‘தெரிப்பான்’னு ஒருத்தர் தனிமெயில்ல சொன்னாரு, எனக்கு அது அரிசி பொடைக்குற மாதிரி கேக்குது. அம்மா, நீங்க சொல்லுங்க.